சேம அச்சு இல்லாத வண்டிகள்

எங்கள் மாதாந்திரக் கூட்டங்களுக்குப் புத்தகப் பெட்டிகளைச் சுமந்துவரும் பழைய காரின் பின்கதவை ஏழு மாதங்களாக ஒரு மூங்கில் கழிதான் தாங்கிக்கொண்டிருந்தது. தூக்கிவிட்டால் கதவு நிற்காது. கையை எடுத்ததும் மெல்லச் சரியும், பாதிவழியில் வேகமெடுக்கும், பிறகு கீழே இருப்பவரின் தலையைத் தேடி வந்து விழும். எனவே ஒருவர் தூக்குவார், ஒருவர் கழியை ஊன்றுவார், மற்றவர்கள் பெட்டிகளை இறக்குவார்கள். காலப்போக்கில் இது கூட்டத்தின் கடவுள் வாழ்த்தைப்போல ஆகிவிட்டிருந்தது. அந்த ஏழு மாதங்களில் மார்க்ஸ் சொன்ன அந்நியமாதல் குறித்து மட்டும் எங்கள் கூட்டங்களில் இரண்டு கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. அந்த இரண்டு நாட்களிலும் கதவைத் தாங்கியது கழிதான்.

எட்டாவது மாதம், மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு மாலையில், ஈரத்தில் கழி வழுக்கியது. எங்களில் மூத்தவரும் எழுபதைக் கடந்தவருமான நண்பர் ஒரு பெட்டியை இழுப்பதற்காகக் குனிந்திருந்தார். புருவத்துக்குமேல் மூன்று தையல். ஓர் அங்குலம் இறங்கியிருந்தால் கண் போயிருக்கும்.

மருத்துவமனை வாசலில் நின்று நாங்கள் பேசிக்கொண்டவைதாம் இக்கட்டுரையை எழுத வைக்கின்றன. ஒருவர் திட்டமிட்டே சீக்கிரம் தேயச்செய்யும் உற்பத்திமுறையைச் சாடினார். இன்னொருவர் நுகர்வுக் கலாச்சாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மூன்றாமவர், காருக்கும் நமக்கும் உள்ள உறவே அடிப்படையில் பொய்யானது என்றார். எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தேய்ந்துபோன அந்தப் பொருளின் பெயர் அங்கே நின்ற ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஏழு மாதங்களில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று எவருக்கும் தோன்றவுமில்லை.

பட்டறைகளில் அதை ‘டிக்கி ஷாக்’ என்கிறார்கள். பின்கதவின் இருபுறமும் பக்கத்துக்கொன்றாக, விரல் தடிமனுள்ள கறுப்புக் குழாயும் அதற்குள் ஏறியிறங்கும் பென்சில் தடிமனுள்ள பளபளப்பான தண்டும். அவ்வளவுதான் வெளியே தெரிவது. உள்ளே உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கப்பட்டிருக்கிறது. கொஞ்சம் எண்ணெயும் உண்டு. தண்டின் உள்முனையில் இருக்கும் பிஸ்டனில் நுண்ணிய துளை இருப்பதால் வாயு இருபக்கமும் போய்வரும். ஆகவே பிஸ்டனின் இருபுறமும் ஒரே அழுத்தம்தான். அப்படியென்றால் தண்டை வெளியே தள்ளுவது எது? பிஸ்டனின் ஒரு பக்கம் முழுப் பரப்பும் வாயுவுக்குத் திறந்திருக்கிறது. மறுபக்கத்தில் தண்டு பொருந்தியிருக்கும் அளவுக்குப் பரப்பு குறைகிறது. அந்தச் சிறு வித்தியாசம்தான், 8 மில்லிமீட்டர் தண்டென்றால் அரைச் சதுர சென்டிமீட்டர்தான், கதவைத் தூக்கி நிறுத்துகிறது. 400 நியூட்டன் என்று குறியிட்ட தண்டு ஏறக்குறைய 40 கிலோ எடையைத் தாங்கும் விசையைத் தருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது காற்று மண்டல அழுத்தத்தைப்போலச் சுமார் 80 மடங்கு. இதைப் படித்துப் புரிந்துகொண்ட இரவில் எங்களுக்கு ஏற்பட்ட பரவசம், நல்ல கவிதையொன்றின் முடிச்சு அவிழும்போது ஏற்படுவதிலிருந்து வேறானதன்று.

தண்டு வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கிறது. ஆண்டுகள் போகப்போக அது தேய்ந்து, வாயு கசிந்து, கதவு கனக்கத் தொடங்குகிறது. இன்னொன்றையும் கவனித்திருந்தோம், காரணம் தெரியாமலே. மதிய வெயிலில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் கதவு மார்கழி விடியலில் உடனே இறங்கிவிடும். அடைபட்ட வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி வெப்பத்தோடு இறங்கும் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாங்கள் எல்லோரும். கதவு குளிருக்குப் பயப்படுகிறது என்று உருவகமாகச் சொல்லிச் சிரித்தோமே தவிர, அந்தப் பாடமும் இந்தக் கதவும் ஒன்றென்று யாருக்கும் படவில்லை.

இனி எங்கள் வழக்கைச் சொல்லிவிடுகிறோம். பழுதுபார்க்கும் அறிவை நிறுவனங்கள் நம்மிடமிருந்து பறித்துவிட்டன என்ற புலம்பல் இப்போது உலகெங்கும் கேட்கிறது. பெருமளவு நியாயமான புலம்பல்தான். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று, உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே பழுதுபார்த்தார்கள் என்பதற்காகவே உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. அபராதம் பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் இதே உரிமை வாக்கெடுப்புக்கு வந்தபோது வாக்காளர்கள் பெரும் பெரும்பான்மையில் ஆதரித்தார்கள். நம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணைய வாசலையும் திறந்தது. பட்டியலிட்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று.

எல்லாம் சரி. ஆனால் எங்கள் பின்கதவுக்கு யார் பூட்டுப் போட்டார்கள்? அதில் மென்பொருள் இல்லை, ரகசியக் குறியீடு இல்லை, தனிக் கருவி தேவையில்லை. தண்டின் விசை எவ்வளவு என்று குழாயின்மீதே அச்சிட்டிருந்தது. தூசியைத் துடைத்தால் படிக்கலாம். தடுத்தவர் எவருமில்லை. தடுத்தது எங்கள் மனோபாவம். கையால் செய்யும் காரியம் கருத்தால் செய்யும் காரியத்துக்குக் கீழே என்று, நாங்கள் மேடையில் மறுத்துக்கொண்டே மனத்துக்குள் வைத்திருந்த அந்தப் பழைய படிக்கட்டு. கையால் செய்வதற்கு ஒருவன், வாயால் சொல்வதற்கு இன்னொருவன் என்று பிரித்துவைத்த சமூகம் இது. சாதியை எதிர்த்து எத்தனை கவிதை எழுதியிருந்தாலும், திருகுளியைக் கையிலெடுக்க நேரும்போது “அதற்கு ஆள் இருக்கிறார்கள்” என்று எழும் குரல் அந்தப் பிரிவினையின் குரல்தான். இதை வேறு யாரைப் பற்றியும் சொல்லவில்லை. மருத்துவமனை வாசலில் எங்களில் ஒருவர் அதே வாக்கியத்தைச் சொன்னார், மற்றவர்கள் தலையசைத்தோம்.

தமிழ் மரபு இப்படி இருந்ததில்லை என்பதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டாம். புறநானூற்றின் 102ஆம் பாடல், அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை; வண்டியிலோ பாரம் அதிகம்; வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாரறிவார் என்றெண்ணி உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. அந்த அச்சைப் போன்றவன் நீ என்று ஓர் இளவரசனைப் புகழ்கிறார் ஔவை. உதிரிபாகம் ஒன்றை உவமையாக்கி அரசகுமாரனின் முன் வைக்க அவருக்குக் கூச்சமில்லை. அச்சு முறியும் என்பதும், எப்போது முறியும் என்பதும், முறிந்தால் வண்டிக்காரனே மாற்றிக்கொள்வான் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் அதே உப்பு வண்டியின் சக்கரத்தையும் ஆர்க்கால்களையும் பருத்த பார்மரங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதைப் படிப்பவர், இந்த மனிதர் வண்டியைக் குனிந்து பார்த்திருக்கிறார் என்று உணராமல் இருக்க முடியாது.

நாமோ அந்த 102ஆம் பாடலை உவமைநயம் பாராட்டித் தேர்வில் எழுதித் தேறியவர்கள். எங்கள் ஒன்பது பேரில் இருவர் தமிழ் முதுகலை. சேம அச்சுக்கு உரை சொல்வார்கள். தங்கள் வண்டியில் மாற்றுச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஓட்டுநரைப் பார்ப்பார்கள்.

நவீனப் புனைகதையின் நிலை இதைவிடப் பரிதாபம். மெக்கானிக் ஒருவர் கதைக்குள் வந்தால் அவருடைய கைகளில் தவறாமல் கிரீஸ் படிந்திருக்கும். விரலிடுக்கில் பீடி புகையும். முதலாளி திட்டுவான், அல்லது காதலி வேறொருவனைக் கட்டிக்கொள்வாள். அந்தக் கைகள் என்ன செய்தன என்பது மட்டும் வராது. எந்த ஸ்பேனரை எடுத்தான், ஏன் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தான், போல்ட் இளகியதைக் காது எப்படி முன்னரே அறிந்தது — இவற்றை எழுத ஆசிரியருக்குத் தெரியாது. தெரியாதென்பது வாசகருக்கும் தெரியாது. உழைப்பாளியைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு அவருடைய அழுக்கை எழுதுகிறோம். (விதிவிலக்குகள் உண்டு. உழவையும் கடலையும் உள்ளிருந்து எழுதியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பட்டறையை அப்படி எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் மிஞ்சும்.)

ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட ‘ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ நூலைப் பற்றி நம் சூழலில் நிறையப் பேசியாகிவிட்டது. அதில் ஒரு காட்சி. நண்பனின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ வண்டியின் கைப்பிடி நழுவுகிறது. பியர் டப்பாவிலிருந்து மெல்லிய அலுமினியத் துண்டொன்றை வெட்டிச் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பன் முகம் சுளிக்கிறான். அவனுக்கு அது தகரம். கதைசொல்லிக்கோ துருப்பிடிக்காத, மென்மையான, கச்சிதமான பொருள். அந்த நூலிலிருந்து ‘தரம்’ என்ற கருத்தாக்கத்தை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் விவாதித்திருக்கிறோம். அந்தக் காட்சியில் நாங்கள் இருப்பது முகம் சுளிக்கும் நண்பனின் பக்கம் என்பது மட்டும் இத்தனை ஆண்டுகளாக எங்கள் கண்ணில் படவில்லை. கோவையின் ஜி. டி. நாயுடுவும் இப்படித்தான் ஆகிப்போனார். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பிரித்துக் கற்றவரை ‘அதிசய மனிதர்’ என்று அழைத்து, அதிசயத்தை நாம் பின்பற்ற வேண்டியதில்லை என்று நிம்மதியடைந்துவிட்டோம்.

நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். முதலில் வழக்கப்படி நிறுவன சர்வீஸ் நிலையத்துக்குத்தான் தொலைபேசினோம். வண்டியை ஒரு நாள் விட்டுச்செல்ல வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை, வெளியே தண்டுகளுக்கு மட்டும் ஆகும் விலையைப்போல் இருமடங்குக்கும் அதிகம். அவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கும் சேர்த்துத்தான் விலை வைக்கப்படுகிறது. பிறகு தெருமுனைப் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்தவர் கதவை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு எதுக்கு சார் வண்டிய விடணும்? ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தா நீங்களே மாட்டிடலாம்” என்றார். “நீங்களே செஞ்சு குடுத்துடுங்களேன் அண்ணே” என்றோம். அவர் சிரித்தார். “செய்றேன். ஆனா கத்துக்கிட்டுப் போனீங்கன்னா அடுத்த வாட்டி கழி வைக்க மாட்டீங்க.”

அவர் சொல்லிக்கொடுத்ததை இங்கே பதிவு செய்கிறோம். தண்டுகளை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்; ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கதவு ஒருபக்கமாகத் திருகும். புதியது நம் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரியதாகவும், நீளமும் விசையும் பழையதன்மீது அச்சிட்டபடியே உள்ளதாகவும் இருக்க வேண்டும். அதிக விசையுள்ளதை மாட்டுவது புத்திசாலித்தனமன்று. மூடும்போது கீல்கள் அவதிப்படும். பழைய வண்டிகளைப் பிரிக்கும் புதுப்பேட்டைக்குப் போகலாமா என்றதற்குத் தலையை ஆட்டினார்: கண்ணாடிக்கும் கதவுக்கும் போகலாம், இதற்கு வேண்டாம், தேய்ந்ததைக் கொடுத்துத் தேய்ந்ததை வாங்கி என்ன பயன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியதாகவே வாங்கினோம்.

கதவை முழுவதுமாகத் திறந்து உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். கூடவே ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் அனுபவத்தில் முட்டை மட்டும் நம்பக் கூடாது. தண்டின் இரு முனைகளிலும் ஒரு கிண்ணம், அது ஒரு சிறிய உலோகக் குண்டின்மீது கவிந்திருக்கும். கிண்ணத்தின் முதுகில் ஒரு கம்பிக் கிளிப். தட்டைத் திருகுளியின் முனையால் அதைச் சற்றே நெம்பினால் போதும், முழுதாகப் பிடுங்கத் தேவையில்லை. கிண்ணம் குண்டிலிருந்து கழன்று வரும். ஒருபுறத்தை மாற்றி முடித்த பிறகே மறுபுறத்தைத் தொட வேண்டும். புதியதைப் பழையது இருந்த வாக்கிலேயே மாட்டுவது முக்கியம். கதவு மூடியிருக்கும்போது மெல்லிய தண்டு கீழ்நோக்கி இருந்தால்தான் உள்ளிருக்கும் எண்ணெய் அடைப்பின்மீது தங்கி அதைக் காயாமல் வைத்திருக்கும். பளபளக்கும் தண்டைக் குறடால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு முறை ஏறியிறங்கும்போதும் அது அடைப்பை அறுக்கும். குண்டின்மீது வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. ‘க்ளிக்’ என்று ஓசை வரும். அந்த ஓசைக்குத் தமிழில் நல்ல சொல் வேண்டும் என்று அங்கேயே இருவர் வாதாடத் தொடங்கினார்கள். பதினைந்து நிமிட வேலை எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆனது அதனால்தான்.

இக்கட்டுரையின் வரைவைப் படித்த நண்பர் ஒருவர் இரண்டு மறுப்புகளை வைத்தார். எல்லோரும் தாமே செய்துகொண்டால் பட்டறைக்காரர் எப்படிப் பிழைப்பார் என்பது முதலாவது. அக்கறை போலத் தோன்றும் இவ்வாதம் ஏனோ அவருக்குக் கூலி கொடுக்கும்போது மட்டும் பேரமாக மாறிவிடுகிறது. ஒரு முறை கிளிப்பை நெம்பிப் பார்த்தவருக்கு, கியர்பெட்டியைப் பிரித்துப் பூட்டுபவர் கேட்கும் தொகை ஏன் நியாயம் என்று புரியும். கை அழுக்காகாதவர்தான் “இதற்கு இவ்வளவா” என்று கேட்கிறார். இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் ஆபத்து, நிபுணர்களிடம் விட வேண்டும் என்பது. பிரேக்கையும் காற்றுப்பையையும் கலப்பின வண்டிகளின் ஆரஞ்சு நிற உயர்மின்னழுத்தக் கம்பிகளையும் நாங்களும் தொடமாட்டோம். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்தறிவதுதானே அறிவு? எதையுமே தொடாமலிருப்பதற்குப் பெயர் எச்சரிக்கை அன்று. அப்படித் தொடாமல் இருந்ததன் விலை எங்கள் மூத்த நண்பரின் நெற்றியில் மூன்று தையலாக இருக்கிறது. அவர் எங்களை மன்னித்துவிட்டார். கதவைத் திறக்கும்போது மட்டும் இன்னமும் ஓரடி விலகி நிற்கிறார்.

பழைய தண்டுகள் இரண்டும் மிஞ்சின. கதவைத் தாங்க வலுவில்லாது போனாலும் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கும். துளைக்கவோ அறுக்கவோ தீயிலிடவோ கூடாது. இதையும் பட்டறைக்காரர்தான் சொன்னார். பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப்போய், புதிதாகக் கற்ற பெருமிதத்தோடு, உள்ளே வாயு இருக்கிறது, பார்த்து வெட்டச் சொல்லுங்கள் என்று கடைக்காரருக்கு விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு முழங்கைச் சட்டையை மேலேற்றி ஒரு நீண்ட தழும்பைக் காட்டினார். “தெரியும் சார். அப்ப யாரும் சொல்லல” என்றார். தண்டுகளைத் தராசில் வைக்காமல் சுவரோரமாகத் தனியே சாய்த்துவைத்தார்.